தொண்டையில் நின்ற சொல்

ஆவுடையூரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுச்சந்தை கூடி, வெயில் ஏறி, வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரத்தில், ஒருவராலும் இன்னொருவரைக் கூறுகெட்டவன் என்று சொல்ல முடியாமல் போயிற்று. வாய் திறந்தது, மூச்சு வந்தது, நாக்கும் எழும்பியது, அந்தச் சொல் மட்டும் தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரையைப் போலத் தொண்டையிலேயே நின்றுகொண்டது. கூறுகெட்டவன் ஒன்றுதான் நின்றது என்றால் பரவாயில்லை, திட்டுவதற்கா நம் ஊரில் சொல் பஞ்சம் என்று விட்டிருப்பார்கள். புத்தி இருக்கா என்று கேட்கப் போனவர்களுக்கும் நின்றது, அறிவுகெட்டவனே என்று ஆரம்பித்தவர்களுக்கும் நின்றது, மண்டையில மூளையா களிமண்ணா என்று விசாரிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கும் நின்றது. சந்தை என்றாலே இரைச்சல்தான், அந்த இரைச்சலில் பாதி இந்தச் சொற்கள்தான் என்பது, அன்றைக்கு அது பாதியாகக் குறைந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

சந்தையின் வடக்கு வாசலில் கயிற்றுக்கடை போட்டிருந்த செண்பகவடிவுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. அவள் யாரையும் திட்டுகிறவள் இல்லை. ஊர் அவளைத் திட்டும், கேட்டுக்கொள்வாள், அதோடு சரி. ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் "நானே ஒரு கூறுகெட்டவ, எனக்கென்ன தெரியும்" என்று ஒரு முன்னுரை போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள், அது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஒரு பழக்கம். அன்றைக்கு ஒரு உழவுச் சம்சாரி புதிதாக வாங்கிய காளைக்கன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இதுக்கு எந்த மூக்கணாங்கயிறு தோதுப்படும் என்று கேட்டான். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள், நின்றுவிட்டது. இருமிப் பார்த்தாள், சொம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள், மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் நின்றது. வேறு வழியில்லாமல் முன்னுரையை விட்டுவிட்டு, "கன்னுக்கு இன்னும் மூக்கு ஆறலை, தேங்கா நார்க் கதம்பைக் கயிறு வேண்டாம், அறுத்துரும், இந்தப் பருத்திக் கயித்தைப் போடு" என்று நேராகச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனான். அவளுக்குத்தான் நடுத்தெருவில் செருப்பில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பட்டம் அவளுக்கு வந்த கதையை ஆவுடையூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பதினாலு வயதில், அவளுடைய அப்பா ஒரு மயிலைக் காளையை விற்க நின்றபோது, வாங்க வந்தவர் பக்கத்தில் நின்ற இவளைப் பார்த்து, "மாடு எப்படிம்மா, நல்லா உழுமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். "நல்லா உழும் மாமா, ஆனா உச்சி வெயில் வந்தா படுத்துரும், எந்திரிக்கவே எந்திரிக்காது" என்று இவள் சந்தையே கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் போனது வியாபாரம், வந்தது பட்டம். அதன் பிறகு அவள் எது செய்தாலும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது: புருஷன் செத்து, கைப்பிள்ளையோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது சீர்ப் பாத்திரங்களைக் கேட்டு வாங்காமல் வந்தது கூறில்லாமை, கயிறு இற்றுப்போனது என்று திருப்பிக் கொண்டுவந்தவனுக்கு வேறு கயிறு கொடுத்தது கூறில்லாமை, பெண்பிள்ளையை மரம் ஏறவிட்டுக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தது பெருங்கூறில்லாமை. இத்தனை பேர் இத்தனை வருஷமாகச் சொன்னால் யாருக்குத்தான் தோன்றாது? அவளும் நம்பினாள்.

அவளுடைய அண்ணன் பலவேசம் சந்தையில் பெரிய தரகன். அவனைப் பற்றி ஊரில் வேறு பேச்சு: விவரமான ஆளு, பிழைக்கத் தெரிஞ்சவன், ஒரே வீட்டில் எப்படித்தான் இப்படி ரெண்டு பிறந்ததோ. பல் விழுந்த கிழட்டு மாட்டை நாலு பல் போட்ட இளங்காளை என்று சத்தியம் செய்வான், நொண்டுகிற மாட்டுக்கு நடையில் ஒரு ராஜ களை இருப்பதாகச் சொல்லுவான், கேட்கிறவனும் சிரித்துக்கொண்டே நம்புவான். தங்கச்சியைக் கூறுகெட்டவ என்று ஊரில் அதிகம் சொன்ன வாயும் அவன் வாய்தான். ஆனால் அவளுடைய மகள் கோமு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் அவன் நிற்காத நாள் கிடையாது; சட்டைப் பையில் அதிரசமோ சீனி மிட்டாயோ இல்லாமலும் நின்றது கிடையாது. அவனுக்கும் அவன் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவன் வீட்டில் பேச்சே கிடையாது, கோவிலுக்குப் போனால் மட்டும் அவன் மனைவி, செண்பகவடிவின் மதினி, மற்ற எல்லாரும் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

சரி, ஊர் என்ன செய்தது என்று கேட்டால், முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டரம்மா ஒவ்வொரு தொண்டையாக டார்ச் அடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை; வரிசையில் நிற்காமல் முட்டிமோதியவர்களைப் பார்த்து நர்ஸ் வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாயைத் திறந்து அப்படியே நின்றதைப் பார்த்து, இது நர்ஸம்மாவுக்கும் வந்திருக்கு என்று ஜனங்கள் ஆறுதலோடு திரும்பினார்கள். அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். சாமியாடி மஞ்சளைக் குழைத்துத் தொண்டைகளில் பூசினார். பூசிய மஞ்சளோடு சந்தைக்கு வந்தவர்களுக்கும் நின்றது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, எது வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். வசவுதான் வராது என்று நினைத்தால், பாராட்டிலும் பாதி வரவில்லை. சொன்னபடி கேட்டு மூலையில் வாய்மூடி உட்கார்ந்த பிள்ளையைச் சமத்து என்று கொஞ்சப் போன தாய்க்கு நின்றது. தம்பி நிலத்தின் வரப்பையும் சேர்த்து உழுதுகொண்டவனைப் பிழைக்கத் தெரிஞ்சவன் என்று மெச்சப் போனவர்களுக்கு நின்றது. பலவேசத்தைப் பார்த்து விவரமான ஆளு என்று சொல்லப் போன அவனுடைய கூட்டாளிக்கும் நின்றது, அதில் பலவேசத்துக்குக் கொஞ்சம் வருத்தம். உண்மையிலேயே புத்தி பேதலித்தவனைச் சொன்னால் வரும் அல்லவா என்று ஒருவர் யோசனை சொல்ல, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிற சடைமுடிக்காரனைத் தேடிப் போய்ச் சுற்றி நின்று முயன்றார்கள். அவனைப் பற்றியும் வரவில்லை. எந்தக் கடைக்காரன் மிச்ச இட்லியைக் கொடுப்பான், எந்த நாய் கடிக்கும், எந்த மழைக்கு எந்தக் கூரை ஒழுகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் ஊர் யோசித்தது. ஆனால் மகனைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "புத்தியாப் போயிட்டு வாய்யா" என்று சொன்ன ஒருத்திக்கு மட்டும் தடையில்லாமல் வந்தது. ஆக, சொல்மேல் குற்றமில்லை, சொல்லுகிற இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்கிற வரையில் புரிந்தது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சொல் நின்ற இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. மேலே இருந்ததை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது மிதந்து வருமே, அந்த மாதிரி, அந்தச் சொல்லுக்கு அடியில் கிடந்தது மேலே வந்தது. கணக்கு வாத்தியார் போர்டுக்கு முன்னால் நின்று, நாலாவது தடவையும் தப்பாகப் போட்ட பிள்ளைகளைப் பார்த்து வாயைத் திறந்து, நின்று, திணறி, "இதுக்கு மேல எப்படிச் சொல்லிக் குடுக்கன்னு எனக்குத் தெரியலைய்யா" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படிக்கட்டில் தொங்கியவனைப் பார்த்துக் கண்டக்டர், "நீ விழுந்து கிழுந்து தொலைச்சா எனக்குச் சோறு இறங்காதுலே, பயமா இருக்கு, உள்ள வா" என்றார். உப்பை இரண்டு தடவை போட்ட மருமகளைப் பார்த்து மாமியார்க்காரி, "எனக்கு வயசாயிட்டு, அடுப்படி என் கையை விட்டுப் போயிட்டு" என்று சொல்லி அழுதாள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி, தினப்படி இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தால் மனுஷன் எப்படித் தெருவில் நடமாடுவது? ஆவுடையூர் ஜனங்களுக்குக் கூச்சமாக இருந்தது, ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

அப்போதுதான் தரகர்களுக்கு அந்த யோசனை வந்தது.

ஆவுடையூர்ச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசும் வழக்கம் கிடையாது. வாங்குகிறவனும் விற்கிறவனும் வலது கைகளைச் சேர்த்துக்கொள்ள, தரகன் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவான். உள்ளே விரலைப் பிடித்து அழுத்தித்தான் விலை கேட்பதும், மறுவிலை சொல்வதும், ஒத்துக்கொள்வதும். வெளியே வாய் மாட்டின் அழகைப் பற்றி ஆயிரம் புளுகு புளுகும், அது சந்தைக்குச் சந்தை நடப்பதுதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் துண்டுக்குள் விரல் பொய் சொல்லாது. உள்ளே மூன்று என்று பிடித்துவிட்டு வெளியே வந்து நான்கு என்று சொன்னவன் இந்தச் சந்தையில் இதுவரை இல்லை. துண்டுக்குள் பேசியதற்குச் சாட்சியும் கிடையாது, அதை வெளியே சொல்வதும் கிடையாது.

வாயால்தானே சொல்ல முடியவில்லை, விரலால் சொன்னால் என்ன என்று ஒரு தரகன் இன்னொரு தரகன் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு, சுண்டுவிரலை ஒரு திருகு திருகினான். இவனுக்குக் கூறில்லை என்று அர்த்தம். தடையில்லாமல் முடிந்தது. இரண்டு பேரும் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சிரித்தார்கள். அடுத்த சந்தைக்குள் ஊர் முழுக்கச் சுண்டுவிரல் திருகல் பரவிவிட்டது: டீக்கடையில் துண்டுக்குள், வயல் வரப்பில் துண்டுக்குள், பெண்கள் குழாயடியில் முந்தானைக்குள். மாமியார் திருகினாள், மருமகள் பதிலுக்குத் திருகினாள், இரண்டு பேருக்கும் விரல் வீங்கி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் துண்டு கிடைக்கவில்லை. வாத்தியார்கூடத் தோளில் ஒன்று போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்.

செண்பகவடிவு கயிற்றுக்கடையில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் துண்டுக்குள் கூப்பிட்டுத் திருகவில்லை, பெண்பிள்ளை கையைச் சந்தைத் துண்டுக்குள் விடும் வழக்கம் இல்லை. அவளைப் பற்றி ஆண்கள் தங்களுக்குள் திருகிக்கொள்வதை, துண்டு அசைகிற அசைவையும் உடனே தன் பக்கம் திரும்புகிற கண்களையும் வைத்துத் தெரிந்துகொண்டாள். இன்னொன்றையும் கவனித்தாள்: வெளியூர் வியாபாரிகள் குறைந்துகொண்டே வந்தார்கள். துண்டுக்குள் கையை விட்டதும் உள்ளூர் விரல் என்ன சொல்கிறது, விலையா வசவா, மெய்யா பொய்யா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை, ஒரு தடவை ஏமாந்தார்கள், அடுத்த தடவை வேறு சந்தைக்கு வண்டியைத் திருப்பினார்கள். பொய் சொல்ல ஊருக்கு வாய் இருந்தது. மெய் சொல்ல இருந்தது அந்த ஒரு முழத் துண்டுக்கு உள்ளே இருந்த இடம்தான், அதையும் இவர்களே கெடுத்துக்கொண்டார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூறுகெட்டவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று பழக்கதோஷத்தில் நினைத்துக்கொண்டாள், நினைப்பதற்கு மட்டும் தடையில்லாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோமு விழுந்தாள். சந்தைக்கு வந்த ஒரு கன்றுக்குட்டி கயிற்றில் கழுத்து இறுகிக் கத்துகிறதென்று வண்டியின் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்திருக்கிறாள், கன்று துள்ளியதில் கீழே விழுந்து, முகவாய் கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பலவேசம் ஓடி வந்தான், பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், தங்கச்சியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில், "பிள்ளை இனிமே என் வீட்டுல வளரட்டும்" என்றான். "வெள்ளிக்கிழமை தரகர் கூட்டத்துல வச்சுப் பேசிக்கிடுவோம்."

ஆவுடையூரில் தரகர் கூட்டம் சொன்னால் சொன்னதுதான். மாட்டுத் தகராறு மட்டுமில்லை, வீட்டுத் தகராறும் அவர்கள்தான் தீர்ப்பார்கள், மீறினால் சந்தையில் கடை போட முடியாது. செண்பகவடிவுக்குக் கடை போனால் பரவாயில்லை. பிள்ளை போனால் என்ன செய்வாள்? எழுதியவர் யாரென்று கையெழுத்து காட்டிக்கொடுக்கிற மாதிரி, அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று பார்த்ததும் தெரிகிற ஒரே பொருள் அந்தப் பிள்ளைதான்.

அவளைப் பயமுறுத்தியது கூட்டம் மட்டுமில்லை. அண்ணன் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்கிற எண்ணமும்தான். நல்ல தாய் என்றால் பிள்ளையை வண்டியில் ஏறவிடுவாளா? கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் குனிந்து, எனக்குக் கூறில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை. பஸ் ஸ்டாண்ட் சடைமுடிக்காரனுக்கே வராத சொல் தனக்கு வராததில் என்ன பெருமை? சொல் நின்றுவிட்டால் சந்தேகமும் நின்றுவிடுமா என்ன. கோமு முகவாயில் பஞ்சோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கன்னு செத்திருக்கும்மா, நான் அவுக்கலைன்னா" என்றாள். "தெரியும்ட்டி" என்று இவள் நழுவிய பஞ்சைச் சரிசெய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வாகைமரத்தடியில் தரகர்கள் கூடினார்கள். நடுவில் ஊர்க்காவலன் என்பவர், சந்தையில் மூத்த தரகர், காது மந்தம், கை மட்டும் இன்னும் கூர்மை என்று பேர். சுற்றி நாலைந்து பேர். ஒரு பக்கம் பலவேசமும் மதினியும், எதிரே செண்பகவடிவு, அவள் முதுகுக்குப் பின்னால் கோமு.

"பிள்ளையை எதுக்குக் கேக்கே, பலவேசம்?" என்றார் ஊர்க்காவலன்.

"இவகிட்ட இருந்தா பிள்ளை உருப்படாது அண்ணாச்சி."

"ஏன் உருப்படாது? காரணம் வேணும்லா."

பலவேசம் வாயைத் திறந்தான். கூட்டம் அவன் வாயையே பார்த்தது. எத்தனையோ வருஷமாக எச்சில் துப்புவதுபோலச் சுலபமாகச் சொல்லிவந்த சொல் நின்றது, அதற்கு அடியிலிருந்து வேறு ஏதோ ஏறி வருவது அவன் முகத்தில் தெரிந்தது, கண்கூடக் கலங்கிவிட்டது, அவன் அவசரமாக வாயை மூடிக்கொண்டு இரண்டு தடவை விழுங்கினான்.

"வாய்க்கு வரலைன்னா விடும், துண்டு எதுக்கு இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

துண்டு போட்டார்கள். பலவேசம் ஒவ்வொருவர் கையாகப் பிடித்தான், துண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைந்தது, ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள், ஒவ்வொருவராகச் செண்பகவடிவைப் பார்த்தார்கள். தனக்கு முன்னாலேயே தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு கை மாறிக் கை மாறிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் கோமுவின் விரல்கள் ரவிக்கையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஊர்க்காவலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அப்பம் பிள்ளை மாமன் வீட்டுலயே" என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்றாள் செண்பகவடிவு. நாக்கு பழக்கத்தில் அந்த முன்னுரைக்குப் போனது, நின்றது, அவள் அதைத் தாண்டி வந்தாள். "என்னைப் பத்தி என்ன சொன்னாவன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

"துண்டுக்குள்ள சொன்னதை வெளிய சொல்லப்படாது தாயி. உனக்குத் தெரியாததா?" என்றார் ஊர்க்காவலன்.

"வெளிய சொல்ல வேண்டாம். உள்ளயே சொல்லட்டும். எங்க அண்ணன் என் கையைப் பிடிச்சுச் சொல்லட்டும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பொம்பளை கை துண்டுக்குள்ளயா, இது எந்த ஊர் வழக்கம் என்றார் ஒருவர். இதுக்குத்தான் சொல்லுதது என்று ஆரம்பித்த இன்னொருவருக்கு மேற்கொண்டு வரவில்லை. ஊர்க்காவலன் காதில் கையை வைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போதும் என்று கையை உயர்த்தினார். "மாட்டுக்கு உடையவன் துண்டுக்குள்ள கை நீட்டினா தரகன் மறுக்கப்படாதுன்னு ஒரு முறை இருக்கு" என்றார் மெதுவாக. "பிள்ளை யாருது? இவளுது. உடையவ நீட்டுதா. போடு பலவேசம், கையைப் போடு."

அவரே தன் தோள் துண்டை எடுத்து மேலே மூடினார்.

துண்டுக்குள் புழுக்கமாக இருந்தது. அண்ணன் கை வியர்த்திருந்தது, மாட்டுத் தும்புக் கயிறு பிடித்துக் காய்த்த கை. அது அவளுடைய சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. திருகப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல்களுக்கு வாயைப் போல எந்தத் தடையும் இல்லை, அவன் திருகியிருக்கலாம், இப்போதுதான் இத்தனை பேருக்குத் திருகிக் காட்டினான். அவன் திருகவில்லை. பிடித்தது பிடித்தபடி இருந்தான்.

கயிற்றுக்கடையிலிருந்து அவள் எத்தனையோ துண்டுகளைப் பார்த்திருக்கிறாள். மகள் கல்யாணத்துக்காக மாட்டை விற்க வந்தவன், உழவுக்கு வேறு கதியில்லாமல் வாங்க வந்தவன், இவர்களெல்லாம் வாயால் என்ன வீறாப்புப் பேசினாலும் துண்டுக்குள் எதிராளியின் விரலை விட மாட்டார்கள். விலை படிந்தாலும் விட மாட்டார்கள், படியாவிட்டாலும் விட மாட்டார்கள், தரகன்தான் பிரித்து எடுப்பான். தேவை உள்ள கை விடாது. அந்தப் பிடிதான் இது. ஊரில் எல்லாருக்கும் விலை சொல்லித் திரிகிற அண்ணன் கை, முழுகப் போகிறவன் கிணற்றுப் படியைப் பிடித்த மாதிரி அவளுடைய ஒரு சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது: தெருமுனையில் நிற்பது, சட்டைப்பை அதிரசம், கோவிலில் மதினி பின்தங்குவது, தன்னை இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த அந்தச் சொல், அதற்கு அடியில் கிடந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எது முதலில் என்று தெரியவில்லை.

"பிள்ளை வேணும்னா, பிள்ளை வேணும்னு கேட்டிருக்கலாம்லா அண்ணே" என்றாள், எல்லாரும் கேட்கும்படி.

துண்டுக்குள் சொன்னதை அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்று ஒருவராவது அவள்மேல் குற்றம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலவேசத்தின் வாய் திறந்து திறந்து மூடியது. இந்தத் தடவை ஒன்றும் நிற்கவில்லை, கரகரவென்று வந்தது.

"கேட்டா தந்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் அவள். "பெத்த பிள்ளையை யாரும் தருவாவளா? ஊர் முழுக்க என்னை எப்படிச் சொன்னே, அண்ணே. நானும் நம்பிட்டனே. என்னாலதான் பிள்ளைக்கு ஆகாதோன்னு இந்த நாலு நாளாச் சோறு இறங்கலை எனக்கு."

அவன் தலை குனிந்தான். "பயமா இருந்துச்சு" என்றான். "கேட்டு, நீ இல்லைன்னுட்டா, பெறகு நான் எதைச் சாக்கு வச்சு உன் வாசலுக்கு வருவேன்?"

செண்பகவடிவு முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் கோமுவை முன்னால் இழுத்தாள். தையல் போட்ட முகவாயோடு பிள்ளை மாமனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். எத்தனை வருஷம் துண்டுகளைப் பார்த்தாலும் பேரம் பேசியதில்லை, இதுதான் முதல். "இவ என் பிள்ளை, என்கிட்டத்தான் வளருவா" என்றாள். "சனிக்கிழமை சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போ. மதினி தலை பின்னி விடட்டும், வயிறாரச் சோறு போடட்டும். திங்கக்கிழமை காலைல நீயே பள்ளிக்கூடத்துல கொண்டு விடு. வாரா வாரம். இதுக்கு நீ என்ன சொல்லுதே?"

சந்தையில் எந்த விலை கேட்டாலும் அந்த விலைக்கு ஆகாது என்று சொல்லித்தான் பலவேசம் பேச்சையே தொடங்குவான், தன் கல்யாணத்தில் தாலிக் கயிற்றுக்குக்கூட மறுவிலை சொன்னவன் என்று கேலி உண்டு. அவன் அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

ஊர்க்காவலன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார், மறுவிலை ஏதாவது வருமோ என்று. வரவில்லை. வியாபாரம் முடிந்தது என்று அவர் துண்டை எடுத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆவுடையூரில் அதுவரை துண்டை எடுத்ததும் கைகள் பிரிந்துவிடும். இந்த இரண்டு கைகளும், வெட்டவெளியில், ஊர் பார்த்திருக்க, பிரியாமல் அப்படியே இருந்தன.